மஞ்சள் கேசட்டின் காலம்

வீடியோ கேமின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்கி, ஜப்பானுக்குப் போய், மறுபடியும் அமெரிக்காவுக்கே திரும்பிவிடுகின்றன. ரால்ஃப் பேயர் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பை வைத்து 1972-இல் மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்ற ஒடிசி, 1977-இல் வந்த அட்டாரி 2600, 1983-இல் அமெரிக்கச் சந்தையில் ஏற்பட்ட பெரும் சரிவு, அதே ஆண்டில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம், 1985-இல் அது வேறு உருவத்தில் அமெரிக்கக் கடைகளுக்குச் சென்றது என்று அந்த வரிசை அமையும். வரிசையில் தவறேதும் இல்லை. ஆனால் 1990களில் மதுரையிலோ திருச்சியிலோ நாகர்கோவிலிலோ பள்ளிக்குச் சென்ற ஒரு பிள்ளை அதே மரியோவையும் அதே கான்ட்ராவையும் ஆடியது எப்படி, யார் செய்த பெட்டியில் ஆடியது, எந்த வழியாக வந்த கேசட்டில் ஆடியது என்ற கேள்விகளுக்கு அந்நூல்களில் விடை கிடைக்காது. அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தவை நிண்டெண்டோ செய்த கருவிகள் அல்ல. அவற்றைப் பார்த்து வேறு பலர் செய்த நகல்கள். இன்று நாற்பது வயதை ஒட்டியிருக்கும் ஒரு தலைமுறையின் இளமை நினைவில் ஆழப் பதிந்துவிட்ட அந்த நகல் கருவிகள்தாம் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வீட்டு வீடியோ கேமின் உண்மையான வரலாறு என்பதும், எழுதப்படாமலேயே அந்த வரலாறு பழைய சாமான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

பெட்டியும் அதன் நகல்களும்

கன்சோல் எனப்படுவது, ஆடுவதற்கென்றே செய்யப்பட்டு, வீட்டில் இருக்கும் தொலைக்காட்சியையே திரையாகக் கொள்ளும் ஒரு சிறு கணினியாகும். அச்சொல் அன்றைய தமிழ்நாட்டில் புழங்கவில்லை; பெட்டிக்கு டிவி கேம் அல்லது வீடியோ கேம் என்றும், ஆட்டம் பதிந்த பிளாஸ்டிக் கட்டைக்குக் கேசட் என்றும், கையில் பிடித்து அழுத்தும் விசைக் கருவிக்கு ஜாய்ஸ்டிக் என்றும் பெயர். அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது அப்பெயர்களைக் கையாளுவதே முறை.

1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமின் வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் மசாயுகி உயெமுரா. அதன் மையச் செயலி, அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்ட 6502 என்ற சில்லின் வழியில் செய்யப்பட்டது. வேலை செய்வதற்கு அதற்குக் கிடைத்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். படம் வரைவதற்கு இன்னொரு சில்லு தனியே இருந்தது. அது திரையை 256க்கு 240 புள்ளிகளாகப் பிரித்து, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சின்னஞ்சிறு சதுரங்களை அடுக்கிக் காட்சியை உருவாக்கியது. ஷிகெரு மியாமோட்டோவும் அவருடைய குழுவினரும் 1985-இல் முடித்துத் தந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், 32 ஸ்டேஜ்களும் கோஜி கொண்டோவின் இசையும் சேர்ந்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்தது என்பது இன்றைக்கும் வியப்பூட்டும் செய்தி. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக வானத்து மேகத்துக்கும் தரையிலிருக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தி, மேகத்துக்கு வெள்ளையும் புதருக்குப் பச்சையும் தீட்டினார்கள்; கோடை விடுமுறை முழுவதும் அந்தப் புதர்களைத் தாண்டி ஓடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைக் கவனித்ததே இல்லை.

வறுமையான வன்பொருளிலிருந்து வளமான ஓர் உலகத்தைக் கறந்தெடுத்த இத்தகைய திறமை அந்தக் காலத்து ஆட்டங்கள் எல்லாவற்றிலும் காணப்படுகிறது. கான்ட்ராவில் எதிரிகளும் தோட்டாக்களும் திரையில் குவியும்போது உருவங்கள் மினுக்கி மினுக்கித் தோன்றும். கேசட்டில் தூசி படிந்துவிட்டது என்று கருதி அதைக் கழற்றித் துடைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது பழுதன்று. ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் படம் வரையும் சில்லால் காட்ட இயலாது, ஒன்பதாவது மறைந்துவிடும் என்பதால், ஏதேனும் ஒன்றே நிலையாக மறைந்துபோகாதபடி நிரலர்கள் நொடிக்குப் பலமுறை வரிசையை மாற்றி மாற்றி வரைய வைத்தார்கள். அந்த மினுக்கல், இருக்கும் எட்டு இடங்களை எல்லோருக்கும் பகிர்ந்தளித்ததன் விளைவு.

இந்தக் கருவி நகலெடுப்பதற்கு எளிதாக இருந்ததற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில், செருகப்படும் கேசட் அசலா என்று சோதிக்கும் பூட்டுச் சில்லு கிடையாது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கருவியில்தான் நிண்டெண்டோ அதைச் சேர்த்தது. எனவே தைவானிலும் பிறகு சீனாவிலும் இருந்த உற்பத்தியாளர்கள் பூட்டில்லாத ஜப்பானிய வடிவத்தை, அதன் 60 முனைக் கேசட் வாயிலோடு, அப்படியே பின்பற்றினார்கள். தைவானின் யூஎம்சி போன்ற நிறுவனங்கள் இரண்டு முக்கியச் சில்லுகளுக்கும் ஈடானவற்றைச் செய்தன. காலப்போக்கில் அவை ஒரே சில்லாகச் சுருங்கி, பலகையின் நடுவே சொட்டிக் காய்ந்த ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குள் ஒளிந்துகொண்டன. ஆர்வம் தாளாமல் திருகுகளைக் கழற்றிப் பார்த்த சிறுவர்கள், பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவுப் பலகையும் அந்தக் கறுப்புப் பொட்டும் தவிர வேறொன்றும் இல்லாததைக் கண்டு திகைத்திருக்கிறார்கள்.

தைவானில் மைக்ரோ ஜீனியஸ், ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி, போலந்தில் பெகாசஸ் என்று அந்த நகல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயரில் வீடுகளுக்குள் நுழைந்தது. இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் ஆகிய பெயர்கள் நிலைத்தன. எந்தப் பெயரும் இல்லாமல் வந்தவையும் ஏராளம். டெண்டியைப் பற்றி ரஷ்யர்கள் நிறையப் பேசியும் எழுதியும் வருகிறார்கள், ஒரு காலகட்டத்தின் அடையாளமாகவே அதைக் கருதுகிறார்கள். தமிழ்நாட்டில் அதே அளவுக்குப் பிள்ளைப் பருவங்களை நிறைத்த கருவிகளுக்கு அந்த மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அவை இங்கு வந்து சேர்ந்த வழியும் பதிவு செய்யத்தக்கதே. 1991-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு முன்பு வெளிநாட்டு மின்னணுப் பொருள்களை முறைப்படி வரவழைப்பது கடினம், வரி மிகுதி. சீர்திருத்தத்துக்குப் பிறகும், 1990களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் அதிகாரபூர்வமாக விற்ற சேகா கருவிகள் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டாத விலையில் இருந்தன. எனவே பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி உருவான பர்மா பஜாரும், மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பெயர்போன ரிச்சி தெருவும் இந்த வணிகத்தின் வாசல்களாயின. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே பொருள் சுமந்து பறந்து, அதனாலேயே குருவிகள் என்று அழைக்கப்பட்டவர்களின் பைகளில் அவை வந்தன. துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் விடுப்பில் வந்த அப்பாக்களும் மாமாக்களும் சித்தப்பாக்களும் தங்கச் சங்கிலி, டேப் ரிக்கார்டர், கம்பளிப் போர்வை ஆகியவற்றோடு ஒரு டிவி கேம் பெட்டியையும் கட்டி எடுத்துவந்தார்கள். ஆக, அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் பின்னால் அகதி வாழ்வும் வளைகுடா உழைப்பும் இருந்தன. அதன் வரலாற்றைத் தொழில்நுட்ப வரலாறாக மட்டும் எழுத முடியாமல் போவது இதனால்தான்.

தொலைக்காட்சியின் முன்பு

சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா, பிற ஊர்களிலிருந்து வந்த ஒனிடா, பிபிஎல், வீடியோகான் ஆகியவை அன்றைய வீடுகளில் இருந்த தொலைக்காட்சிகள். டிவி கேமை அவற்றோடு இணைக்க, பின்புறத்தில் ஆன்டெனா அல்லது கேபிள் ஒயர் செருகியிருக்கும் துளையில் அதைப் பிடுங்கிவிட்டு, பெட்டியிலிருந்து வரும் ஒயரைச் செருக வேண்டும். பெட்டிக்குள் இருந்த மாடுலேட்டர் என்ற சிறு தகரக் கூடு, ஆட்டத்தின் படத்தை ஒரு தொலைக்காட்சி நிலையம் அனுப்பும் அலை போலவே மாற்றி அனுப்பும். தொலைக்காட்சி அதை இன்னொரு சேனலாகவே எண்ணிக்கொள்ளும் என்பதால், அந்தச் சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. முன்பக்க மூடியைத் திறந்து, டியூனிங் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப, இரைச்சலோடு புள்ளிகள் பறக்கும் திரையில் முதலில் வண்ணமில்லாத கோடுகளும், பிறகு கலங்கிய நீலமும், இறுதியில் ஆட்டப் பட்டியலும் தெளிந்து வரும். பின்னர் வந்த தொலைக்காட்சிகளில் மஞ்சள், வெள்ளைத் துளைகள் கொண்ட ஏவி இணைப்பு வந்து அந்த வேலையைப் போக்கிவிட்டது.

கேபிள் ஒயரைப் பிடுங்குவது என்பது வீட்டில் ஓர் அரசியல் நிகழ்வாகவும் இருந்தது. 1993-இல் சன் டிவி தொடங்கிய பிறகு மாலை நேரம் தொடர்களுக்கு உரியதாயிற்று. கிரிக்கெட் இருக்கும் நாளில் பகலும் பறிபோகும். பெரியவர்கள் உறங்கும் கோடை விடுமுறையின் நடுப்பகல்தான் டிவி கேமுக்கு மிஞ்சியது. அதற்கும் ஒரு தடை இருந்தது: விளையாடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்ற அச்சம். அதை மூடநம்பிக்கை என்று முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. பழைய தொலைக்காட்சிக் குழாயின் உட்புறத்தில் பூசப்பட்ட ஒளிரும் பொடி, ஒரே அசையாத படம் நெடுநேரம் நின்றால் அந்த இடத்தில் மட்டும் விரைவாகத் தேய்ந்து, நிலையான தழும்பாகிவிடும். ஸ்டார்ட் விசையை அழுத்தி ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போன பிள்ளையைத் திட்டிய தாய், அறிவியல் தெரியாமலேயே சரியான காரணத்துக்காகத் திட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தால் அந்த அளவு கெடுதல் வராது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே இன்னொரு நுட்பமான செய்தி இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது. இந்தியா பின்பற்றிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் அது 50 முறை. அன்றைய ஆட்டங்கள் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் அடி முன்னேறும் வகையில் எழுதப்பட்டவை. ஆகவே பால் முறைக்கு மாற்றப்பட்ட பெட்டிகளில் மரியோவின் ஓட்டமும் அதன் இசையின் நடையும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகின. பல ஆண்டுகளுக்குப் பிறகு கணினியிலோ கைப்பேசியிலோ அதே ஆட்டத்தின் ஜப்பானிய வடிவத்தைக் காணும் தமிழர்களுக்கு அது ஏதோ அவசரத்தில் ஓடுவதாகத் தோன்றுவதற்கு, வயதானதை விட இதுவே காரணமாக இருக்கலாம். அவர்கள் சிறுவயதில் கேட்ட இசை உண்மையிலேயே வேறு வேகத்தில்தான் ஒலித்தது.

ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி அந்தக் கேசட்டுகளில் பெரும்பாலும் இல்லை. மின்தடை வந்தால் அதுவரை கடந்த அனைத்தும் போய்விடும். மறுபடியும் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்க வேண்டும். 32 ஸ்டேஜ்களையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டிய மரியோவை முடித்தவர் தெருவில் மரியாதைக்குரியவராக இருந்ததற்கு விரல் வித்தை மட்டுமன்றி, அன்றைய மின்வாரியத்தின் கருணையும் காரணம்.

இருவர் ஆடிய ஆட்டங்கள்

அக்கால நினைவுகளைக் கேட்டால் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: யாரும் தனியாக ஆடியதாகச் சொல்வதில்லை. தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகளே இருந்ததும், பெட்டி உள்ள வீட்டில் தெருப்பிள்ளைகள் கூடியதும் இதற்கு ஒரு காரணம். ஆட்டங்களே இருவருக்காகக் கட்டப்பட்டிருந்தன என்பது மற்றொரு காரணம். அது இன்னும் ஆழமானது.

நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பேட்டில் சிட்டியை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அது டாங்கி கேம் என்றே அறியப்பட்டது. அதன் திருத்திய வடிவமான டாங்க் 1990 பல கேசட்டுகளில் இருந்தது. திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம்; அதை எதிரி டாங்கி சுட்டுவிட்டால், இருவரிடமும் எத்தனை லைஃப் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. ஸ்டேஜுக்கு இருபது எதிரிகள். ஒருவர் மேலே சென்று தாக்க, மற்றொருவர் கழுகைக் காத்து நிற்க வேண்டும். காவலுக்கு நிற்பது சுவையற்ற வேலை என்பதால் அது எப்போதும் வயதில் சிறியவருக்கே விழுந்தது. பொறுமை இழந்த காவல்காரர் சுடும் குண்டு கூட்டாளியின் மீது பட்டால் அவருடைய டாங்கி சில நொடிகள் அசைவற்று நிற்கும்; அந்தச் சில நொடிகளில் மூண்ட சண்டைகள் பல நாள் பேசாமல் இருப்பதில் முடிந்திருக்கின்றன. அதே ஆட்டத்தில், செங்கல்லும் இரும்பும் நீரும் புதரும் வைத்துத் தாமே களத்தை அமைத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. கழுகைச் சுற்றி இரும்புச் சுவர் எழுப்பிவிட்டு நிம்மதியாக ஆடிய பிள்ளைகள், கணினி நிரல் என்ற ஒன்றை அறியும் முன்பே, ஓர் ஆட்டத்தின் விதியை மாற்றி அமைக்க முடியும் என்பதைக் கற்றுக்கொண்டார்கள்.

கொனாமி நிறுவனத்தின் கான்ட்ரா 1988-இல் ஃபேமிகாமுக்கு வந்தது. எட்டு ஸ்டேஜ்கள் கொண்ட அந்த ஆட்டத்தின் மூன்றாவது ஸ்டேஜ், தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் நினைவில் நீங்காமல் நிற்கும் அருவி. மற்ற ஸ்டேஜ்களில் பெரும்பாலானவற்றில் காட்சி பக்கவாட்டில் நகரும். இங்கே அது மேல்நோக்கி ஏறும். பாறைத் திட்டிலிருந்து பாறைத் திட்டுக்குத் தாவி ஏற வேண்டும். முன்னால் போகிறவர் ஒரு தாவல் கூடுதலாக ஏறிவிட்டால் திரையும் அவரோடு ஏறிவிடும். கீழே நிற்பவரின் காலடிப் பாறை திரைக்கு வெளியே போய், அவர் விழுந்து இறப்பார். எதிரி யாரும் சுடாமலேயே, நண்பனின் அவசரத்தால் ஒரு லைஃப் போகும். இருவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, இப்போது ஏறு, கொஞ்சம் நில் என்று சொல்லி, ஒரே தாளத்தில் தாவினால்தான் மேலே இருக்கும் அரக்க உருவத்தை அடைய முடியும். அதை வடிவமைத்தவர்கள் கூட்டுறவைப் பாடமாக எண்ணிச் செய்தார்களா என்பது ஒருபுறம் இருக்க, அந்த அருவியைச் சேர்ந்து ஏறிய இருவர் தம் வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லை என்பதே போதும்.

துப்பாக்கியோடு வந்த பெட்டிகளில் டக் ஹண்ட் என்ற வாத்து வேட்டை ஆட்டம் இருக்கும். 1984-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தின் துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் பாய்ந்து திரையில் படுகிறது என்றே பிள்ளைகள் நம்பினார்கள். நடந்ததோ நேர்மாறு: துப்பாக்கி ஒளியை அனுப்பவில்லை, வாங்கிக்கொண்டது. குதிரையை இழுத்த கணத்தில் திரை முழுவதும் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். குழலின் உள்ளே இருந்த ஒளி உணரி முதலில் இருளையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். இருளைப் பார்க்கும் அந்த முதற்படி, டியூப் லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றுவதைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடப்பதற்குப் பழைய குழாய்த் தொலைக்காட்சியின் தாமதமற்ற திரை இன்றியமையாதது. இன்றைய தட்டைத் திரைகள் படத்தைக் காட்டச் சற்றே நேரம் எடுத்துக்கொள்வதால், அன்றைய துப்பாக்கியை வைத்து அவற்றில் வாத்து வேட்டை ஆட முடியாது. பெட்டியும் கேசட்டும் துப்பாக்கியும் பத்திரமாக இருந்தாலும், பழைய தொலைக்காட்சி இல்லாமல் அந்த அனுபவத்தைத் திரும்பப் பெற இயலாது.

வாய்வழி வந்த அறிவு

ஜப்பானில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆட்டத்துக்கான வழிகாட்டி நூல் 1985-ஆம் ஆண்டின் மிக அதிகமாக விற்ற நூலாயிற்று. அமெரிக்காவில் 1988 முதல் நிண்டெண்டோ தானே ஓர் இதழை நடத்தி, ஆட்டங்களின் வரைபடங்களையும் இரகசியங்களையும் வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நூலும் இல்லை, இதழும் இல்லை, இணையமும் இல்லை. ஆயினும் மரியோவின் இரண்டாம் ஸ்டேஜில் கூரைக்கு மேலேறி நடந்தால் வேறு உலகங்களுக்குக் குறுக்குவழி கிடைக்கும் என்பது தூத்துக்குடிச் சிறுவனுக்கும் தெரிந்திருந்தது, வேலூர்ச் சிறுமிக்கும் தெரிந்திருந்தது. பள்ளி இடைவேளையில், கல்யாண வீட்டில் கூடிய உறவுப் பிள்ளைகளிடையே, விடுதியிலிருந்து ஊருக்கு வந்த அண்ணன்கள் வழியாக, மணிக்கணக்கில் காசு வாங்கி ஆடவிட்ட வீடியோ கேம் கடைகளில் அந்த அறிவு பரவியது. பாட்டும் விடுகதையும் நொண்டி விளையாட்டின் விதிகளும் எந்த வழியில் ஊர் விட்டு ஊர் சென்றனவோ அதே வழியில் ஜப்பானிய ஆட்டத்தின் இரகசியமும் சென்றது என்பதை நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986-இல் கிரேடியஸ் என்ற கடினமான ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தமக்கென ஒரு விசை வரிசையை அமைத்து, பிறகு அதை நீக்காமல் விட்டார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற அந்த வரிசை பிறகு கான்ட்ராவிலும் இடம்பெற்று 30 லைஃப் தந்தது. தமிழ்நாட்டில் அது பல இடங்களில் தேவைப்படவே இல்லை. ஏனெனில் நகல் கேசட்டுகளைச் செய்தவர்கள் 30 லைஃப் கொண்ட கான்ட்ராவைப் பட்டியலிலேயே தனி ஆட்டமாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் பட்டியல்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைமுறையின் நினைவைச் சொல்ல முடியாது. 9999 ஆட்டங்கள், 999999 ஆட்டங்கள் என்று கேசட்டின் மேல் அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில ஆட்டங்களே. அவற்றையே வேறு ஸ்டேஜில் தொடங்குவது, வேறு துப்பாக்கியோடு தொடங்குவது என்று மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள். கடற்கரையும் தென்னையும் பறக்கும் பறவைகளும் வரைந்த ஒரு பட்டியல் திரையும், அதன் பின்னணியில் அன்செய்ன்டு மெலடி என்ற ஆங்கிலப் பாட்டின் மெட்டும் உலகெங்கும் இத்தகைய கேசட்டுகளில் வந்தன. பாட்டின் பெயர் தெரியாமலேயே அதை முணுமுணுக்கத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆட்டங்களின் முகப்பிலிருந்து நிறுவனப் பெயர்களும் உரிமை வாசகங்களும் அழிக்கப்பட்டிருந்தன. அதனால் ஹட்சன் நிறுவனத்தின் அட்வெஞ்சர் ஐலண்ட், ஐலண்டர் என்ற பெயரில் அறிமுகமாயிற்று. நிண்டெண்டோ என்ற பெயரையே கேள்விப்படாமல் ஒரு தலைமுறை நிண்டெண்டோவின் ஆட்டங்களோடு வளர்ந்தது. படைத்தவர்களுக்கு இந்த நகலெடுப்பு இழைத்த அநீதி உண்மையானது, அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. அந்த நகல்கள் வந்திராவிட்டால் இங்கிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கலை எட்டியே இருக்காது என்பதும் அதே அளவு உண்மை.

கேசட்டை ஊதும் வழக்கமும் வாய்வழி வந்த அறிவே. திரை குழம்பினால் கேசட்டைக் கழற்றி, அடிப்புறத்தில் தெரியும் செம்பு முனைகளின் மீது ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வாயால் ஊதி, மீண்டும் செருகுவார்கள், ஆட்டம் வரும். எச்சிலின் ஈரம் நாளடைவில் அம்முனைகளை அரித்துக் கெடுத்தது என்பதும், ஆட்டம் திரும்பியதற்குக் கழற்றிச் செருகியபோது முனைகள் மீண்டும் சரியாகப் பொருந்தியதே காரணம் என்பதும் பின்னர் தெரியவந்தவை. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தவர்களே சரியான வைத்தியம் செய்தவர்கள்.

நினைவில் நிற்பவை, நில்லாதவை

பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நேர்ந்தவையே முதுமையிலும் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்பருவத்தின் வாசலில் வந்த டிவி கேம் இத்தனை பேரின் மனத்தில் நிற்பதில் வியப்பில்லை. ஆனால் இனிமையான நினைவு எப்போதும் முழுமையான நினைவு ஆவதில்லை. பெட்டி உள்ள வீட்டின் பிள்ளைக்கு நடுக்கூடத்தில் இடம் இருந்தது. பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை வாசற்படியில் நின்று தன் முறை வருமா என்று காத்திருந்தது, பல நாள்களில் வராமலேயே வீடு திரும்பியது. ஜாய்ஸ்டிக் பெரும்பாலும் அண்ணன் தம்பிகளின் கையிலேயே இருந்தது. அக்கா தங்கைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அல்லது இரண்டாவது ஜாய்ஸ்டிக் பழுதாகாத நாளில் சற்று நேரம் ஆடினார்கள். சாதியும் வசதியும் எந்தக் கூடத்துக்குள் எந்தப் பிள்ளை நுழையலாம் என்பதைத் தீர்மானித்த ஊர்களில் டிவி கேமும் அதற்கு விலக்கன்று. இவற்றையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு. இல்லையெனில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பொருள்களின் படத்தொகுப்பாக நின்றுவிடும்.

நிண்டெண்டோ 2003-இல் ஃபேமிகாம் உற்பத்தியை நிறுத்தியது. அதை வடிவமைத்த உயெமுரா, ஓய்வுக்குப் பின் கியோட்டோவின் ரிட்சுமேக்கன் பல்கலைக்கழகத்தில் ஆட்ட ஆய்வு மையத்துக்குத் தலைமையேற்று, கருவிகளையும் ஆட்டங்களையும் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டு, 2021-இல் காலமானார். அத்தனை முயற்சி நடக்கும் உலகத்திலும் நிலைமை நன்றாக இல்லை: அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று முறையான விற்பனையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. அசல்களின் கதியே இது என்றால், பெயரில்லாத நகல்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. மரியோவின் அசல் எங்கேனும் ஒரு காப்பகத்தில் பிழைத்துக்கொள்ளும். சென்னைக் கடையொன்றில் விற்ற, இந்திய விலை ஒட்டிய அட்டைப்பெட்டியும், இங்கு வந்த பட்டியல் கேசட்டும், அவற்றை யார் கொண்டுவந்தார் என்ற செய்தியும் வேறெந்த நாட்டின் காப்பகத்திலும் இருக்கப் போவதில்லை.

பழைய தமிழ் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் ஒரு காலத்தில் எவரும் மதிக்கவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்துவைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்தில் ஆய்வாளர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். டிவி கேம் கேசட்டின் மேல் ஒட்டிய தாளும் அவ்வகைப் பொருளே. பல்கலைக்கழகங்களின் ஊடகத் துறைகளும் அருங்காட்சியகங்களும் இதை வேடிக்கைப் பொருளாகக் கருதாமல் தம் பணியாக ஏற்க வேண்டும். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் அன்று கடை வைத்திருந்தவர்களும், பொருள் சுமந்து வந்த குருவிகளும் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பரணில் பழைய டிவி கேம் பெட்டி இருந்தால் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம். பல ஆண்டுகள் கிடந்த அடாப்டரை அப்படியே மின்சாரத்தில் செருகுவதும் வேண்டாம். அதைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சோதித்த பிறகு இயக்கலாம். கேசட்டின் மேல் தாளையும், பெட்டியின் அடியில் அச்சிட்ட எழுத்துகளையும், பட்டியல் திரையையும் படம் எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடையில், யார் வாங்கித் தந்தது, யாரெல்லாம் அதில் ஆடினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.